பனிக்கு முன்பும் பனியின் கீழும்: ரொறன்ரோ வீட்டுப் புல்தரைக்கு ஒரு குளிர்கால வழிகாட்டி

ஒவ்வோர் ஏப்ரலிலும் பனி உருகி முடியுமுன்னரே எனக்கு ஓர் அழைப்பு வரும். “அண்ணை, முன்வளவுப் புல்லெல்லாம் செத்துப்போச்சு. கிளறி எறிஞ்சுபோட்டுப் புதுசு விரிப்பமோ?” போய்ப் பார்த்தால் பெரும்பாலும் புல் சாகவில்லை, உறங்கிக்கொண்டிருக்கும். உண்மையாகவே செத்த இடங்கள் சில இருக்கும். அவற்றின் காரணத்தைத் தேடிப் போனால் முந்தைய செப்ரெம்பருக்கும் டிசெம்பருக்கும் இடையில் தவறிய ஏதோ ஒரு வேலையிலோ, ஜனவரியில் செய்திருக்கக் கூடாத ஏதோ ஒரு வேலையிலோ போய் நிற்கும்.

இந்தத் தடுமாற்றம் நமக்கு வருவது இயல்பே. ஊரில் முற்றத்தில் புல் முளைத்தால் மண்வெட்டியால் செருக்கி எடுத்துவிட்டு, மணலைக் கூட்டிக் கோலமாக்கி வைத்திருந்தவர்கள் நாம். புல்லை வளர்ப்பதும், அதை நான்கு மாதம் பனியின் கீழ் விட்டு உயிரோடு திரும்பப் பெறுவதும் இங்கு வந்து பழகிய வேலைகள். கீழே உள்ளவை ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிராம்ப்டன் போன்ற தென் ஒன்ராறியோப் பகுதிகளின் காலநிலைக்கு உரியவை. வன்கூவருக்கோ வினிபெக்குக்கோ இதே நாட்காட்டி பொருந்தாது.

வேலைகளின் வரிசையை மாற்ற வேண்டாம். ஒன்றைத் தவறவிட்டால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவது, தவறியதைப் பிந்திச் செய்வதைவிடப் பல இடங்களில் நல்லது. எங்கெங்கே அப்படி என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

1. எதைக் காப்பாற்றுகிறோம் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

இங்குள்ள வீடுகளில் இருப்பது பெரும்பாலும் மூன்று வகைப் புற்களின் கலவை: கென்டக்கி புளூகிராஸ், பல்லாண்டு ரைகிராஸ், நுண்ணிலை ஃபெஸ்க்யூ. மூன்றும் இதமான குளிரை விரும்பும் புற்கள். ஏறத்தாழ 15 முதல் 24 பாகை செல்சியஸ் வரையான வெப்பத்தில் இவை நன்றாக வளரும். கோடையின் உச்சத்தில் சோர்ந்து, இலையுதிர்காலத்தில் மீண்டும் எழும்.

புல்லின் உயிர் அதன் இலையில் இல்லை. இலையும் வேரும் சந்திக்கும் இடத்தில், மண் மட்டத்தில், வெண்மையான தடித்த ஒரு கணு இருக்கும். அதைக் குருத்தடி என்று சொல்லலாம். இலை முழுவதும் வைக்கோல் நிறத்துக்கு மாறினாலும் குருத்தடி நசுங்காமலும் காயாமலும் அழுகாமலும் இருந்தால் மே மாதத்தில் புல் திரும்ப வரும். இந்த வழிகாட்டியில் உள்ள ஒவ்வொரு படியும் அந்தக் கணுவைக் காப்பதற்கானது.

புளூகிராஸ் மண்ணுக்குள் கிழங்குபோல ஓடும் தண்டுகளால் பரவும், ஆகவே சிறு ஓட்டைகளைத் தானே மூடிவிடும். ரைகிராஸ் கொத்தாக நிற்கும், பரவாது. அது செத்த இடத்துக்கு விதை போட்டே ஆக வேண்டும்.

2. முன்கூட்டியே கைவசம் வைத்திருக்க வேண்டியவை

கூர் தீட்டிய அலகுள்ள புல்வெட்டும் இயந்திரம், வளையும் பற்களுள்ள இலை ரேக், பசளை தூவும் சிறு தள்ளுவண்டி, அளவு நாடா, கடதாசி இலைப் பைகள், இரண்டு மூன்று அடி உயரமான எல்லைக் குச்சிகள் ஒரு டசின், ஒரு மூடை மணல். ரொறன்ரோவில் இலைகளைப் பிளாஸ்திக் பையில் கட்டி வைத்தால் எடுக்க மாட்டார்கள். கடதாசிப் பை அல்லது மூடியில்லாத உறுதியான தொட்டியே வேண்டும்.

அளவு நாடாவைப் பலர் பொருட்படுத்துவதில்லை. புல்தரையின் பரப்பளவு தெரியாமல் பசளையும் விதையும் வாங்குவது, எத்தனை பேருக்கு என்று கேட்காமல் உலை வைப்பதைப் போன்றது. முன்வளவையும் பின்வளவையும் ஒருமுறை அளந்து, கராச்சுச் சுவரில் எழுதி வையுங்கள்.

இறுகிய மண்ணில் துளையிடும் ஏரேற்றர் இயந்திரத்தை வாங்கத் தேவையில்லை. அரை நாளுக்கு வாடகைக்கு எடுத்து, பக்கத்து வீட்டாருடன் சேர்ந்து பயன்படுத்தினால் செலவு பாதியாகும்.

3. செப்ரெம்பர்: மண்ணைத் திறத்தலும் வேர்ப்புழுவைத் தேடுதலும்

புதிய குடியிருப்புகளில் மேல்மண் மெல்லியது. அதன் கீழே வீடு கட்டும்போது இயந்திரங்கள் மிதித்து இறுக்கிய களிமண் இருக்கும். இறுகிய மண்ணில் வேர் ஆழமாகப் போகாது. பனி உருகும்போது நீரும் இறங்காமல் மேலேயே நின்று மறுபடி உறையும். ஆகவே செப்ரெம்பர் தொடக்கத்துக்கும் ஒக்ரோபர் முதல் வாரத்துக்கும் இடையில், மழை பெய்து ஓரிரு நாள் கழித்து மண் ஈரமாக, ஆனால் சேறாக இல்லாதபோது, ஏரேற்றரை ஓட்டுங்கள்.

மண்கட்டையை வெளியே பிடுங்கும் வகை இயந்திரமே வேண்டும். வெறும் ஆணி குத்தும் செருப்புகளும் உருளைகளும் துளையைச் சுற்றியுள்ள மண்ணை இன்னும் இறுக்குகின்றன. பிடுங்கி எறியப்படும், விரல் அளவான அந்த மண்கட்டைகளை அப்படியே விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று மழைக்குள் கரைந்து போகும். அவற்றைக் கூட்டி அள்ளிப் பையில் கட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். மேல்மண் இல்லை என்று கவலைப்படும் வீட்டிலிருந்து மேல்மண்ணை வீதியில் வைப்பதற்கு ஒப்பானது அது.

ஒக்ரோபர் நடுப்பகுதி தாண்டிவிட்டால் இந்தப் படியை விட்டுவிடுங்கள். காயம் ஆறுவதற்குச் சில வாரங்கள் வேண்டும். ஆறாத துளைகள் வழியே குளிர்காற்று குருத்தடியைக் காயவைக்கும்.

அதே வாரத்தில் புழுச் சோதனையையும் செய்யுங்கள். புல் மஞ்சளித்துப் பஞ்சுபோல மெத்தென்று இருக்கும் இடத்தில் ஓர் அடிச் சதுரத்தை மூன்று பக்கம் வெட்டி, பாயைச் சுருட்டுவதுபோல மடித்துப் பாருங்கள். வெள்ளை உடலும் பழுப்புத் தலையுமாக, அரைவட்டமாய்ச் சுருண்டு கிடப்பவை வண்டுகளின் வேர்ப்புழுக்கள். இங்கு அதிகம் காண்பது ஐரோப்பிய சேஃபர், யப்பானிய வண்டு ஆகியவற்றின் புழுக்களை. ஒன்றிரண்டு இருந்தால் மடித்ததைத் திருப்பி மிதித்துவிட்டுப் போகலாம். ஒரு சதுர அடிக்குள் ஐந்து, பத்து என்று எண்ண வேண்டியிருந்தால் அதைக் கவனித்தே ஆக வேண்டும்.

காரணம் புழு மட்டுமன்று. சேஃபர் புழு இலையுதிர்காலத்தில் தின்று, கடுங்குளிரில் மண்ணுக்குள் ஆழமாக இறங்கி, வசந்தத்தில் மறுபடி மேலே வந்து தின்னும். அதைத் தேடி ரக்கூனும் ஸ்கங்கும் இரவில் வந்து புல்லை விரிப்பு விரிப்பாகப் புரட்டிப்போடும். ஒன்ராறியோவில் 2009 ஏப்ரல் முதல் வீட்டுப் புல்தரைக்கு அழகுக்காக இரசாயனப் பூச்சிக்கொல்லி அடிப்பது தடைசெய்யப்பட்டுள்ளது. அனுமதிக்கப்பட்ட வழிகளில் ஒன்று, வேர்ப்புழுவைக் கொல்லும் நுண்ணிய நூற்புழு. கடையில் நெமற்றோட் என்று கேட்க வேண்டும். அது உயிருள்ள பொருள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்து, காலாவதித் திகதி பார்த்து வாங்கி, நனைத்த மண்ணில் மாலை நேரத்தில் ஊற்றி, மறுபடி நீர்விட வேண்டும். வெயிலில் ஊற்றினால் அரை மணித்தியாலத்தில் பணம் காய்ந்துபோகும். ஓகஸ்ற் பிற்பகுதியும் செப்ரெம்பர் முற்பகுதியுமே இதற்கு ஏற்ற நேரம். மண் குளிர்ந்த பின்னர் ஊற்றுவது வீண்.

4. விதைக்கு இரண்டு வாசல், நடுவில் ஒரு பொறி

செத்த இடங்களுக்கு விதை போட முதல் வாசல் ஓகஸ்ற் நடுப்பகுதியிலிருந்து செப்ரெம்பர் மூன்றாம் வாரம் வரை. ரைகிராஸ் ஒரு வாரத்தில் முளைக்கும். புளூகிராஸ் இரண்டிலிருந்து நான்கு வாரம் எடுக்கும். முளைத்த பின்னரும் பனிக்கு முன்னர் இரண்டு மூன்று தடவை வெட்டும் அளவுக்கு அது வளர வேண்டும். நாட்காட்டியைப் பின்னோக்கி எண்ணினால் செப்ரெம்பர் ஏன் எல்லை என்பது விளங்கும்.

இரண்டாவது வாசல் நவம்பர் இறுதி. மண் நன்றாகக் குளிர்ந்து, விதை முளைக்கவே முடியாது என்ற நிலையில், உறையும் முன்னர் தூவி ரேக்கால் மெல்லக் கீறிவிட வேண்டும். விதை பனியின் கீழ் தூங்கும். மண் உறைந்தும் இளகியும் அசையும்போது தானே உள்ளே இறங்கி ஏப்ரலில் முளைக்கும். இப்படிப் போட்டதில் ஒரு பகுதி வீணாகும், ஆகவே வழமையைவிடச் சற்றுக் கூடுதலாகத் தூவுங்கள். சரிவான இடத்தில் இதைச் செய்ய வேண்டாம். உருகும் நீர் விதையை வாய்க்காலில் சேர்த்துவிடும்.

இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட ஒக்ரோபர்தான் பொறி. என் மைத்துனர் ஒருவர் ஒக்ரோபர் இரண்டாம் வாரம் வெயில் அடித்ததைப் பார்த்து விதை போட்டார். பத்து நாளில் பச்சை மயிர்போல அழகாக முளைத்தது. படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினார். நவம்பரில் வந்த கடும் உறைபனி ஒன்று அந்தப் பூம்பச்சையைக் கறுப்புத் தூளாக்கியது. செப்ரெம்பரைத் தவறவிட்டால் பொறுத்திருந்து நவம்பர் இறுதியில் போடுங்கள்.

5. இலைகளை வெட்டுங்கள், மீதியை வாருங்கள்

எல்லா இலையையும் வார வேண்டியதில்லை. காய்ந்த இலைகளின் மேல் புல்வெட்டும் இயந்திரத்தை இரண்டு தடவை, குறுக்கும் நெடுக்குமாக ஓட்டினால் அவை பத்துச் சதக் காசளவு துண்டுகளாகிப் புல்லிடையே விழுந்து பசளையாகும். இலைத் துண்டுகளுக்கு நடுவே புல் பாதிக்கு மேல் தெரிய வேண்டும் என்பதே அளவுகோல். தெரியாவிட்டால் மீதியை வாரிப் பையில் கட்டுங்கள்.

நோர்வே மேப்பிள் நிற்கும் வளவுகளுக்கு இது போதாது. அதன் இலை அகலமானது, தடிப்பானது, மற்ற மரங்கள் உதிர்த்து முடிந்த பின்னரே கொட்டுவது. நவம்பர் நடுப்பகுதியில் “இலை வேலை முடிந்தது” என்று ரேக்கைக் கராச்சுக்குள் வைத்த பின்னர் அது கொட்டும், மழை பெய்து ஒட்டிக்கொள்ளும், அதன்மேல் பனி விழும். ஈரமான இலைப்பாயின் கீழ் வெளிச்சமும் இல்லை, காற்றும் இல்லை. வசந்தத்தில் அந்த இடம் வழுவழுப்பாக அழுகியிருக்கும். பக்கத்து வீட்டு மரமானாலும் உங்கள் புல்லில் விழுந்த இலை உங்கள் வேலைதான். அதைப் பற்றிப் பேசிச் சண்டைபிடித்துக் கிடைத்தது எதுவும் இல்லை.

6. கடைசி வெட்டு

கோடையில் இரண்டரை முதல் மூன்று அங்குல உயரத்தில் வெட்டியிருப்பீர்கள். கடைசி வெட்டில் இரண்டு முதல் இரண்டரை அங்குலத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒரே நாளில் இறக்கக் கூடாது. ஒரு வெட்டில் இலையின் உயரத்தில் மூன்றில் ஒன்றுக்கு மேல் எடுத்தால் புல் வேரில் சேமித்ததைச் செலவழித்து இலை வளர்க்கப் பார்க்கும். ஒக்ரோபரில் ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு படி இறக்கி வாருங்கள்.

உயரமாக விட்டால் பனியின் பாரத்தில் புல் சரிந்து படுத்துவிடும். அந்த மெத்தையின் கீழ்ப் பனிப்பூஞ்சணமும் வயல் எலியும் குடிகொள்ளும். மறுபக்கம், தலையை மொட்டையடிப்பதுபோல ஓர் அங்குலத்துக்கு வெட்டுவோரும் உண்டு, “அடுத்த வருசம் வரைக்கும் பார்க்கத் தேவையில்லை” என்பது அவர்கள் நியாயம். அப்படிச் செய்தால் குருத்தடி திறந்து, பனி மூடாத நாள்களின் குளிர்காற்றில் காய்ந்துபோகும்.

கடைசி வெட்டு எது என்பதை நாள் பார்த்துத் தீர்மானிக்க வேண்டாம். ஒரு வாரத்துக்கு மேலாகியும் புல் உயரவில்லை என்றால் முந்தைய வெட்டுத்தான் கடைசி. இந்தப் பகுதிகளில் அது பெரும்பாலும் நவம்பர் முற்பகுதியில் வரும்.

வேலை முடிந்த கையோடு இயந்திரத்தின் அடிப்பகுதியில் ஒட்டியுள்ள புல்லைச் சுரண்டி எடுத்து, பெற்றோல் இயந்திரமானால் எரிபொருளை ஓடித் தீர்த்துவிடுங்கள். மின்கல இயந்திரமானால் மின்கலத்தை வீட்டுக்குள் எடுத்து வையுங்கள்; லித்தியம் மின்கலத்தை உறைநிலைக்குக் கீழே மின்னேற்றினால் அது பழுதாகும்.

7. பசளை: சிறிதளவு, சரியான வாரத்தில்

இலையின் வளர்ச்சி நின்ற பின்னரும் புல் சில வாரங்கள் பச்சையாக இருந்து, வெயிலை வாங்கி மாச்சத்தைச் சேமிக்கும். வேரும் மண் உறையும் வரை மெல்ல வளரும். அந்த நேரத்தில் கொடுக்கும் பசளை இலைக்குப் போகாமல் சேமிப்புக்குப் போகும். ஒக்ரோபர் இறுதிக்கும் நவம்பர் முதல் வாரத்துக்கும் இடையில், புல் பச்சையாகவும் மண் இளகியும் இருக்கும்போது போட வேண்டும் என்பதன் காரணம் இதுவே.

பையின் மேல் மூன்று எண்கள் இருக்கும். முதலாவது நைதரசன், இரண்டாவது பொசுபரசு, மூன்றாவது பொற்றாசியம். நூறு சதுர மீற்றருக்கு அரைக் கிலோ நைதரசன் என்பது பொதுவான மேல் அளவு. உதாரணமாக, உங்கள் முன்வளவு 25 அடிக்கு 20 அடி என்றால் 500 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 46 சதுர மீற்றர். தேவையான நைதரசன் 230 கிராம். பையில் 25-0-10 என்று இருந்தால் அதில் நான்கில் ஒரு பங்குதான் நைதரசன். ஆகவே போட வேண்டிய பசளை 920 கிராம். ஒரு பெரிய பையில் மிகுதி எவ்வளவு இருக்கிறது என்பதைப் பார்த்தால் மற்றவர்கள் எவ்வளவு அளவுக்கு மீறிப் போடுகிறார்கள் என்பது விளங்கும்.

அளந்ததை இரண்டாகப் பிரித்து, பாதியை வடக்குத் தெற்காகவும் பாதியைக் கிழக்கு மேற்காகவும் தூவுங்கள். ஒரே திசையில் தூவினால் வசந்தத்தில் வரிக்குதிரைபோலப் பச்சைக் கோடுகள் தெரியும். நடைபாதையிலும் டிரைவ்வேயிலும் சிதறியதைக் கூட்டிப் புல்லுக்குத் தள்ளுங்கள். இல்லாவிட்டால் அது மழைநீர் வாய்க்கால் வழியே ஏரிக்குப் போகும்.

இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கும். செப்ரெம்பர் இறுதியில் நைதரசன் கூடிய கோடைப் பசளையை அள்ளிப் போட்டால் இளந்தளிர் கிளம்பி, பனிப்பூஞ்சணத்துக்கு விருந்தாகும். மண் உறைந்த பின்னர், “இன்னும் பை இருக்கிறதே” என்று போட்டால் ஒரு மணியும் வேருக்குப் போகாது. நவம்பர் நடுப்பகுதி தாண்டியிருந்தால் பையைக் கட்டி, ஈரம் படாத இடத்தில் அடுத்த ஆண்டுக்கு வையுங்கள். ஓர் ஆண்டு பசளை இல்லாததால் எந்தப் புல்தரையும் சாகாது.

8. தண்ணீரும் வெளிக்குழாயும்

மழை குறைந்த இலையுதிர்காலமானால் மண் உறையும் வரை வாரம் ஒருமுறை நீர்விடுங்கள். காய்ந்த மண்ணோடு குளிருக்குள் போகும் புல்லில் குருத்தடி எளிதில் வறளும்.

பின்னர் வெளிக்குழாயை மூட வேண்டும். வரிசை இதுதான்: ஹோசைக் கழற்றுங்கள், வீட்டுக்குள், பெரும்பாலும் நிலவறைக் கூரையோரம் இருக்கும், நீரை நிறுத்தும் வால்வை மூடுங்கள், வெளியே போய்க் குழாயைத் திறந்து, நின்ற நீர் வடிந்தபின் திறந்தபடியே விடுங்கள். நீர் உறையும்போது ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருக்கும். ஹோசைக் கழற்றாமல் விட்டால் உள்ளே அடைபட்ட நீர் சுவருக்குள் குழாயை வெடிக்கச் செய்யும். அது ஏப்ரலில் முதல்தடவை குழாயைத் திறக்கும்போதுதான் தெரியவரும், நிலவறையில். புல்லுக்காகச் செய்யும் வேலைகளில் மறந்தால் அதிகம் செலவு வைப்பது இந்த ஐந்து நிமிட வேலைதான்.

9. எல்லைக் குச்சிகளும் உப்புக்கான ஏற்பாடும்

மண் உறைவதற்கு முன்னர் டிரைவ்வே ஓரத்திலும் நடைபாதை ஓரத்திலும் குச்சிகளை நடுங்கள். டிசெம்பர் பிற்பகுதியில் ஆணிகூட இறங்காது. ஓர் அடிப் பனியின் கீழ் எங்கே தார் முடிகிறது, எங்கே புல் தொடங்குகிறது என்பது உங்களுக்கும் தெரியாது, வாடகைக்கு வரும் பனி வாரும் வண்டிக்காரருக்கும் தெரியாது. ஸ்னோ புளோவரின் அலகு புல்லைத் தோலோடு உரித்துப்போடும்.

பனிக்கட்டியை உருக்கத் தூவும் உப்பைப் பற்றி என் அனுபவத்தையே சொல்கிறேன். முதல் வீட்டின் முதல் குளிர்காலத்தில், உப்புத் தூவிய டிரைவ்வேயிலிருந்து சவளால் வாரிய பனி முழுவதையும் வசதியாக ஒரே மூலையில் குவித்தேன். பெப்ரவரியில் அது என் தோளளவு உயர்ந்திருந்தது. மே மாதம் எல்லா இடமும் பச்சையானபோது அந்த மூலை மட்டும் சாம்பல் நிறத்தில் கிடந்தது. மண் காய்ந்து வெளுத்து, விரலால் தொட்டால் ஓடுபோல உடைந்தது. போட்ட விதை இரண்டு தடவையும் முளைக்கவில்லை.

நடந்தது இதுதான். உப்பிலுள்ள சோடியம் களிமண்ணின் துகள்களைப் பிரித்து, மண்ணின் காற்றறைகளை அடைத்துவிடுகிறது. வேரிலிருந்து நீரையும் வெளியே இழுக்கிறது. ஆகவே முதலில் பனியை வாருங்கள், பின்னர் மிஞ்சிய பனிக்கட்டிக்கு மட்டும் ஒரு கைப்பிடி உப்பு. உப்புத் தூவுவதற்கு முன்னர் வாரிய பனி புல்லுக்குப் போகலாம். தூவிய பின்னர் வாரியது புல்லில் படாமல் டிரைவ்வேயின் மேலேயே ஓரமாகக் கிடக்கட்டும். வெப்பநிலை மறை 10 பாகைக்குக் கீழே போனால் சாதாரண உப்பு அநேகமாக வேலை செய்வதில்லை. அன்று கூடுதலாக உப்புக் கொட்டுவதைவிட மணல் தூவுவது நல்லது. மணல் புல்லுக்கும் தீங்கு செய்யாது, காலும் வழுக்காது.

நடைபாதைக்கும் வீதிக்கும் இடையிலுள்ள புல்துண்டு நகரசபையின் நிலம், ஆனால் பராமரிப்பு உங்களுடையது. வீதி உப்பு முழுவதும் அங்கேதான் தெறிக்கும். அதை அழகாக வைத்திருக்கப் பெருஞ்செலவு செய்ய வேண்டாம் என்பது என் கருத்து.

10. டிசெம்பர் முதல் மார்ச் வரை: கையைக் கட்டிக்கொண்டிருத்தல்

பனி விழுந்து நின்றால் மகிழ்ச்சியடையுங்கள். பனி ஒரு போர்வை. காற்று மறை 20 பாகையில் இருக்கும் இரவிலும் அதன் கீழ் மண் உறைநிலையை ஒட்டியே இருக்கும். புல்லுக்கு ஆபத்தான நாள்கள் பனியில்லாமல் காற்று வீசும் நாள்களே.

உறைந்த புல்லில் நடக்க வேண்டாம். இலையின் உள்ளே நீர் பளிங்காக உறைந்திருக்கும். மிதிக்கும்போது அது உடைந்து உயிரணுச் சுவரைக் கிழிக்கும். பனியில்லாத ஒரு டிசெம்பர்க் காலையில், வெள்ளை உறைபனி படிந்த புல்லைக் குறுக்கே கடந்து குப்பைத் தொட்டியை எடுக்கப் போய்ப் பாருங்கள். காலின் கீழே மெல்லிய நொறுங்கும் ஓசை கேட்கும். மதியத்துக்குள் அந்தக் காலடிகள் ஒவ்வொன்றும் கரும்பச்சையாகவும், ஒரு வாரத்தில் பழுப்பாகவும் மாறி, நீங்கள் போன வழியை வசந்தம் வரை காட்டிக்கொண்டிருக்கும். தபால்காரர் குறுக்கே நடக்கிறார் என்றால் இரண்டு எல்லைக் குச்சிகளை அந்த வழியில் நடுங்கள், சொல்லாமலே விளங்கிக்கொள்வார்.

உறைமழை பெய்து புல்மேல் கண்ணாடிபோலப் பனிக்கட்டி படிந்தால் அதைக் கோடரியாலோ சவளாலோ உடைக்க வேண்டாம். புளூகிராஸ் பனிக்கட்டியை நன்றாகத் தாங்கும், சவள் வெட்டைத் தாங்காது. வெந்நீர் ஊற்றியவரையும் எனக்குத் தெரியும். அது அன்றிரவே இன்னும் தடித்த பனிக்கட்டியானது.

பிள்ளைகளுக்காகப் பின்வளவில் ஸ்கேற்றிங் தளம் போடுவதானால் கீழே விரித்த பிளாஸ்திக்கைப் பனிக்கட்டி உருகத் தொடங்கிய அந்த வாரமே எடுத்துவிடுங்கள். மார்ச் வெயிலில் பிளாஸ்திக்கின் கீழ்ப் புல் வெந்துபோகும்.

11. பனி உருகும் வாரங்கள்

மார்ச் இறுதியில் நிழல் பக்கத்தில் ஒரு பனிக்குவியல் மட்டும் மிஞ்சி நிற்கும். அதைச் சவளால் பிரித்து, வெயில்படும் இடத்தில் மெல்லியதாகப் பரப்புங்கள். நெடுநாள் மூடிக்கிடக்கும் இடத்தில்தான் பூஞ்சணம் பிடிக்கும். இந்தக் காலத்தில் புல்லில் செய்யக்கூடிய ஒரே வேலை இதுதான், அதையும் நடைபாதையில் நின்றபடியே செய்யுங்கள்.

ரேக்கை எடுக்க ஆசை வரும். ஏப்ரல் முதல் வெயிலில் வீதி முழுவதும் ரேக் ஓசை கேட்கும். மண் சோதனை செய்யாமல் இறங்க வேண்டாம். ஒரு பிடி மண்ணை எடுத்து அமுக்குங்கள். விரலிடையே நீர் வடிந்தாலோ களியாக உருண்டாலோ இன்னும் நாள் இருக்கிறது. அமுக்கிய உருண்டை விரலால் தட்டும்போது உதிர்ந்தால் இறங்கலாம். ஈர மண்ணில் நடந்தால் செப்ரெம்பரில் ஏரேற்றர் திறந்த துளைகளைக் காலால் மூடுகிறீர்கள்; இளகிய மண்ணில் ரேக்கால் இழுத்தால் உயிருள்ள புல்லும் வேரோடு வரும். இங்கு அந்த நாள் பெரும்பாலும் ஏப்ரல் பிற்பகுதியில் வரும்.

12. ஏப்ரல் இறுதி: எந்தச் சேதம் எதனால்?

முதலில் உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். பழுப்பு நிறப் புல் ஒரு கொத்தைப் பிடித்து மெல்ல இழுங்கள். பிடிவாதமாக நின்று, அடியில் கணு வெள்ளையாக இருந்தால் அது உயிரோடுதான் இருக்கிறது. மே நடுப்பகுதி வரை பொறுங்கள். எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்து, கணு பழுப்பாக நொய்ந்திருந்தால் செத்துவிட்டது.

வட்ட வட்டமாகச் சாம்பல் வெள்ளையாகவோ மங்கிய இளஞ்சிவப்பாகவோ ஒட்டிக் கிடந்தால் அது பனிப்பூஞ்சணம். சாம்பல் வகை பெரும்பாலும் இலையை மட்டும் தின்னும். ரேக்கால் மெல்லக் கோதிக் காற்றுப் படவிட்டால் போதும், தானே தேறும். இளஞ்சிவப்பு வகை பனியே இல்லாத ஈரக்குளிரிலும் வரும், குருத்தடியையும் தாக்கக்கூடும். அங்கே மே மாதம் வரை பார்த்துவிட்டு விதை போடுங்கள். மருந்து தேடி அலைய வேண்டாம், வெயில் ஏறியதும் பூஞ்சணம் தானே அடங்கும்.

இரண்டு விரல் அகலத்தில் பாம்பு ஓடியதுபோல வளைந்து வளைந்து போகும் பாதைகள் வயல் எலி பனியின் கீழ் போட்ட வீதிகள். அவற்றைக் கண்டுதான் அதிகம் பதறுகிறார்கள், ஆனால் எல்லாவற்றிலும் எளிதாக ஆறுவது அதுவே. உதிர்ந்த புல்லை வாரிவிட்டு, பெரிய இடைவெளி இருந்தால் மட்டும் விதை தூவுங்கள்.

பாய்போலப் புரண்டு கிடந்தால் ரக்கூனின் வேலை. கீழே வேர்ப்புழு இருக்கிறது என்று பொருள். புரண்டதைத் திருப்பி மிதித்து நீர்விட்டு, ஓகஸ்ற் நெமற்றோட்டுக்கு நாட்காட்டியில் இப்போதே குறித்து வையுங்கள். இயந்திரம் உரித்த விளிம்பு நகரசபையின் நடைபாதை வண்டியால் நேர்ந்ததாக இருந்தால், ரொறன்ரோவில் 311 என்ற எண்ணில் முறையிடலாம். வசந்தத்தில் திருத்தித் தருவார்கள்.

நடைபாதையை ஒட்டி நேர்கோடாக, ஓர் அடி அகலத்தில் செத்திருந்தால் அது உப்பு. விதை போடுவதற்கு முன்னர் மண்ணைக் கழுவ வேண்டும். மண் வடியத் தொடங்கியதும் அந்தப் பட்டைக்கு மட்டும் இரண்டு மூன்று நாள் இடைவெளியில் மூன்று நான்கு தடவை நன்றாக நீர் இறக்குங்கள். களிமண்ணானால் முதலில் ஜிப்சம் தூவுங்கள். அதிலுள்ள கல்சியம் சோடியத்தின் இடத்தைப் பிடிக்க, விடுபட்ட சோடியம் நீரோடு கீழே இறங்கும். அதன்மேல் அரை அங்குலம் கொம்போஸ்ற் பரப்பி, உப்பை ஓரளவு தாங்கும் ஃபெஸ்க்யூ கலந்த விதையைப் போடுங்கள். என் பழைய வீட்டு மூலை மூன்றாவது முயற்சியில் இப்படித்தான் பச்சையானது. முதல் இரண்டு தடவையும் நான் கழுவாமல் விதை போட்டிருந்தேன்.